மூன்றாவது பங்கு

என் நாத்தனார் ஐலீனுக்குக் கணக்கு வரும், பேச வராது. ஊரில் பாதிப் பேருக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவள். அக்டோபரில், முதல் பனி விழுந்த வாரம், தன் வீட்டுச் சமையலறையில் எனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"அவன் ஜனவரி ஒண்ணாந்தேதி வரைக்கும் இருந்துட்டான்னா உனக்கு இன்னொரு முழு வருஷம் கிடைக்கும், மார்லிஸ்."

அவன் என்றது அவளுடைய சொந்த அண்ணன் அல்பினை. என் புருஷனை.

"அவன் உன் அண்ணன், ஐலீன்."

"தெரியும். அதனாலதான் ஃபீஸ் கேக்கல." சொல்லிவிட்டுத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள். அழுதாளோ, சளியோ. இந்தக் குடும்பத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

அதற்கு முந்தின வாரம் டுலூத் நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டிருந்தார். அல்பின் உள்ளே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். "இந்தத் தடவை பண்டிகையெல்லாம் கொஞ்சம் முன்கூட்டியே கொண்டாடிடுங்க" என்றார் டாக்டர். எங்கள் பக்கத்து டாக்டர்கள் இப்படித்தான் பேசுவார்கள். வாழ்நாள் முழுக்க இரும்புச் சுரங்கத் தூசியை மூச்சாக இழுத்தவனுக்கு நுரையீரல் இறுகிப்போயிருந்தது. அதைப் பிடித்துக் குலுக்கி இளக வைக்க யாராலும் முடியாது.

திரும்பி வரும் வழியில் பிக்கப் வண்டியை நான் ஓட்டினேன். அல்பின் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னான்.

"டாக்டர் உன்கிட்ட ஏதோ சொன்னாரு. அது என்னன்னு எனக்கு வேணாம்."

"ஒண்ணும் பெருசா சொல்லல."

"உனக்குப் பொய் சொல்ல வராது. அதனால சொல்லாமயே இரு. தேதி போட்ட எதையும் எங்கிட்டக் கொண்டுவராத. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். மழை பெய்கிற சாலையில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வேறு என்ன செய்ய முடியும்?

இப்போது ஐலீன் விஷயம். அல்பினின் ஓய்வுகாலச் சேமிப்பு முழுவதும் பழைய வகைக் கணக்கில் இருந்தது. அதில் போடும்போது வரி கிடையாது, எடுக்கும்போது கட்டவேண்டும். ராத் கணக்கு என்றால் நேர் எதிர். வரியை முதலிலேயே கட்டித் தொலைத்துவிட்டால் பிறகு எடுக்கும்போது யாரும் கை நீட்ட மாட்டார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த காலத்தில் நான் ராத்தில்தான் போட்டேன். அல்பின் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "கேக்கறதுக்கு முன்னாடியே கப்பம் கட்டுறவ" என்பான். அவனுடைய கொள்கை ஒன்றே ஒன்றுதான்: கொடுக்கவேண்டியதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடு. என் ராத்தில் இருந்தது ஒரு நல்ல அடுப்பு வாங்கக் காணும். எங்கள் மிச்சக் காலம் அவன் கணக்கில்தான் இருந்தது.

"நீங்க ஜோடியா வரி கட்டறப்ப ஒரு ரேட்டு, நீ ஒத்தை ஆளாக் கட்டறப்ப வேற ரேட்டு" என்றாள் ஐலீன். "அதே பணம்தான், ஆனா வரி எங்கயோ போயிடும். இப்ப பாதிய ராத்துக்கு மாத்துங்க, வருஷம் பொறந்ததும் மீதிய மாத்துங்க. எல்லாத்தையும் ஒரே வருஷத்துல மாத்தினா வரி தலைக்கு மேல ஏறும். ரெண்டு பங்காப் பிரிச்சா தாங்கும். ஜனவரி ஒண்ணாந்தேதி அவன் உயிரோட இருந்தாப் போதும், அந்த வருஷம் முழுக்க நீ ஜோடிக் கணக்குத்தான்."

"போதும்" என்ற சொல்லை அவள் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் என்பதுதான் என்னைக் குத்தியது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. அவன் போய்விட்டால் சுரங்க பென்ஷன் பாதியாகும். அரசாங்கம் எங்கள் இருவருக்கும் தருகிற சோஷியல் செக்யூரிட்டிப் பணம் இரண்டில் ஒன்று நிற்கும். அதற்கு மேல் வரியும் ஏறினால் இந்த வீட்டை நான் வைத்துக்கொள்ள முடியாது. ஆறு மாதம் ஹீட்டர் எரியவேண்டிய ஊர் இது. பிள்ளை குட்டி என்று போய் ஒண்டிக்கொள்ளவும் எங்களுக்கு யாரும் இல்லை.

கணக்கு அல்பின் பெயரில். மாற்றச் சொல்ல அவனால்தான் முடியும். அவனிடம் கேட்டால் என்ன அவசரம் என்பான். அந்த அவசரம் என்னவென்று சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் பண்ணியிருக்கிறேன். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. காப்பியைக் குடிக்காமலேயே எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஹாலில் நிற்கும். அதிலிருந்து அல்பின் மூக்குவரை நீளமான ஒரு குழாய். சமையலறை வரைக்கும் எட்டும், பாத்ரூம் வரைக்கும் எட்டும், கொல்லைப்புறம் பார்த்த ஜன்னல் வரைக்கும் எட்டும். கொல்லைக் கதவுக்கு எட்டாது. வெளியே போகச் சின்ன சிலிண்டர் உண்டு. டாக்டரிடம் போவதைத் தவிர வேறெதற்கும் அதைத் தொட மாட்டான். "நாய்க்குட்டி மாதிரி அதை இழுத்துக்கிட்டு ஊர்ல நடக்கணுமா?" என்பான். அதனால் நாளெல்லாம் ஜன்னலடியில் உட்கார்ந்து, தார்ப்பாய் போர்த்தி டிரெய்லர் மேல் நிற்கும் தன் மீன்பிடிப் படகைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

முதல் தடவை சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தேன்.

"வரியெல்லாம் ஏறப்போகுதுன்னு ஐலீன் சொல்றா. உன் கணக்கை ராத்துக்கு மாத்திட்டா நல்லதாம்."

"ஏறட்டும். ஏறினப்பறம் பாத்துக்கலாம்."

"எல்லாத்துக்கும் அப்பறம் பாத்துக்கலாமா?"

"இத்தனை வருஷம் அப்படித்தானே ஓடிச்சு. ஆமா, மாத்தினா இப்ப கட்டவேண்டிய வரிக்குப் பணம் எங்க இருக்கு?"

பேங்கில் இருந்தது குளிர்காலச் செலவுக்குத்தான் காணும். என் கண் என்னைக் கேட்காமலேயே ஜன்னல் பக்கம் போய்விட்டது. அவன் கண்ணும் பின்னாலேயே போனது.

"என் படகா?" முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அதை வித்து வரி கட்டணுமா? மே மாசம் மீன் பிடிக்க ஏரி திறக்கறப்ப நான் எதுல போறது? உன் குளிக்கிற தொட்டியிலயா?"

மே மாதம் என்று ஒன்று அவன் காலண்டரில் இருந்தது. என் காலண்டரில் இல்லை. கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷை இன்னொரு கரண்டி எடுத்து அவன் தட்டில் வைத்தேன். சாப்பிட்டதும் அவன் சோபாவில் போய் உட்கார்ந்து சட்டையெல்லாம், மெத்தையெல்லாம் பிஸ்கெட் தூளைக் கொட்டினான். நான் ஒன்றும் சொல்லாமல் துடைத்தேன்.

இரண்டாவது தடவை நவம்பரில். மான் வேட்டை சீசன். பக்கத்து வீட்டு வெஸ், தான் சுட்ட மானில் செய்த சாசேஜ் கொண்டுவந்து கொடுத்தான். வருஷா வருஷம் அவனோடு காட்டுக்குப் போகிற அல்பின் அந்த வருடம் ஜன்னலிலிருந்து கையைக் காட்டினான். வெஸ் போன பிறகு, இதுதான் சமயம் என்று மடத்தனமாக நினைத்துக்கொண்டு மறுபடி ராத் பேச்சை எடுத்தேன்.

"உனக்கு என்ன வந்துச்சு?" என்றான். "கல்யாணம் ஆனதுலேர்ந்து பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசினவ இல்ல. இப்ப ராத் ராத்துன்னு உயிரை எடுக்கற. என்ன அவசரம், மார்லிஸ்?"

கேட்டேவிட்டான். என் முகத்தையே பார்த்தான். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது.

"ஒரு அவசரமும் இல்ல. சும்மா கேட்டேன்."

"அப்ப விடு."

விட்டேன். கராஜுக்குப் போனேன். பிக்கப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன். கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் கத்தினேன். டாக்டரை, ஐலீனை, சுரங்கத்தை, வாஷிங்டனில் உட்கார்ந்துகொண்டு விதவைக்கு ஒரு ரேட்டு என்று எழுதினவனை. எஞ்சினை முடுக்கினேன். எங்கே போவது? கரண்ட் போனால் மெஷின் நிற்கும். சிலிண்டரை மாட்டிவிட நான் இருக்கவேண்டும். அவனுக்காவது அந்தக் குழாய் நீளத்துக்கு நடக்க முடிந்தது. எனக்கு அதுவும் இல்லை என்று தோன்றியது. எஞ்சினை அணைத்தேன். உள்ளே போய் சாசேஜ் வறுத்தேன்.

டிசம்பர் வந்ததும் நான் கெட்டுப்போனேன். வேறு வார்த்தை தெரியவில்லை. அவன் இருமினால் என் மனம் முதலில் காலண்டரைப் பார்க்கும், பிறகுதான் அவனைப் பார்க்கும். இன்னும் மூன்று வாரம் தாண்டட்டும், இன்னும் இரண்டு வாரம் தாண்டட்டும் என்று வேண்டுவேன். அவன் எனக்கு வேண்டும் என்று வேண்டுகிறேனா, அவனுடைய ஜனவரி எனக்கு வேண்டும் என்று வேண்டுகிறேனா? எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. பாதிரியாரிடம்கூட இதைச் சொல்லவில்லை. அவரும் ஐலீனிடம்தான் வரிக் கணக்கு எழுதி வாங்குகிறார்.

ஒரு நாள் ஆக்சிஜன் கம்பெனி ஆள் வந்தான். சாமான் வந்ததற்கு அல்பின் கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்துப் போடுவான். ஐலீன் கொடுத்திருந்த ராத் படிவத்தை அந்தச் சீட்டுக்கு அடியில் வைத்தேன். சீட்டில் கையெழுத்துப் போட்டான். அடுத்ததற்குப் பேனா இறங்கும் நேரத்தில் படிவத்தை உருவிவிட்டேன்.

"இன்னொண்ணு இருந்துச்சே" என்றான்.

"இல்ல. அது நம்மளுது இல்ல."

ஆள் போன பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். படிவத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அவன் அப்படியெல்லாம் ஏமாற்றப்பட வேண்டியவன் இல்லை.

கிறிஸ்துமஸ் வாரம். வால்நட் வைத்துச் சுருட்டுகிற எங்கள் பொட்டீட்சா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பாட்டன் காலத்திலிருந்து சுலோவேனியாக்காரர்கள் வீட்டில் இது இல்லாமல் பண்டிகை கிடையாது. அல்பின் எதிரே உட்கார்ந்து வால்நட் உடைத்தான். ஒவ்வொன்றையும் உடைத்துவிட்டு மூச்சு வாங்கினான். பருப்பைக் கிண்ணத்தில் போட்டான், ஓட்டைத் தரையில் போட்டான். காலடியெல்லாம் ஓடு. நான் துடைப்பத்தை எடுத்துவந்து குனிந்து பெருக்கினேன்.

"ஒண்ணும் சொல்ல மாட்டியா?" என்றான்.

"என்னத்தச் சொல்றது?"

"தரை பூரா ஓடாப் போட்டிருக்கேன். வேணும்னேதான் போட்டேன்."

"பரவால்ல. பெருக்கிட்டாப் போச்சு."

"அதான்" என்றான். உடைப்பானை மேசை மேல் வைத்தான். "அக்டோபர்லேர்ந்து நீ என்னைத் திட்டவே இல்ல, மார்லிஸ். சோபாவுல தூள் போட்டேன், திட்டல. ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டேன், திட்டல. நேத்து உங்க அக்காவைப் பத்திப் பேசினேன், அதுக்கும் திட்டல. நாப்பத்தஞ்சு வருஷம் உன்கிட்டத் திட்டு வாங்கின உடம்பு இது. டாக்டர் என்ன சொன்னாருன்னு நீ சொல்லணுமா? நீ நல்லவளா மாறின அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

துடைப்பம் என் கையில் இருந்தது. நிமிர முடியவில்லை.

"நான் சொல்லல" என்றேன்.

"நீ சொல்லல. வாக்கைக் காப்பாத்திட்ட. ஐலீனும் சொல்லல. ஆனா போன்ல அவ எங்கிட்ட ரொம்ப அன்பாப் பேசறா. பயமா இருக்கு."

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. தரையிலேயே, ஓடுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். ஜோடி ரேட்டு, ஒத்தை ரேட்டு, இரண்டு பங்கு, ஜனவரி ஒன்று. நான் காலண்டரைப் பார்ப்பதையும் சொன்னேன்.

"தெரிஞ்சும் ஏன்டா இத்தனை நாள் இழுத்த?" என்றேன். "என்னை எதுக்கு இந்தப் பாடு படுத்தின?"

ஜன்னலைப் பார்த்தான். "அப்பறம் கட்டறேன்னு சொல்லிக்கிட்டிருக்கற வரைக்கும் எனக்கு ஒரு அப்பறம் இருந்துச்சு. அதை நானே எப்படி முடிக்கறது?" கொஞ்சம் மூச்சு வாங்கினான். "போனைக் கொண்டா."

கைகழுவிவிட்டுப் போனைக் கொண்டுவந்து, அவன் சேமிப்புக் கணக்கு இருக்கும் கம்பெனியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு சின்னப் பெண் குரல். பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டாள். பாதிப் பணத்தை ராத்துக்கு மாற்றச் சொன்னான். அவள் எழுதி வைத்ததை வாசித்தாள்: ஒருமுறை மாற்றினால் திரும்பப் பழைய கணக்குக்குக் கொண்டுபோக முடியாது, இது உங்களுக்குப் புரிகிறதா?

"இந்த வீட்டுல எதையுமே திரும்பக் கொண்டுபோக முடியாதும்மா" என்றான் அல்பின். "மாத்து."

"சார், ஆமான்னு சொல்லணும்."

"ஆமா."

மறுநாள் வெஸ்ஸை அவனே கூப்பிட்டான். அந்தப் படகின் மேல் வெஸ்ஸுக்குப் பல வருடமாக ஒரு கண். விலை பேசி முடித்ததும் வெஸ் வண்டியைப் பின்னால் ஓட்டிவந்து டிரெய்லரை மாட்டினான். அல்பின் ஜன்னலுக்கு உள்ளிருந்து கையால் வழி காட்டினான். என்னிடம், "டயர்ல காத்து இருக்கான்னு பாக்கச் சொல்லு. மோட்டாரைக் கட்டச் சொல்லு. அவன் கயிறு கட்டற லட்சணம் எனக்குத் தெரியும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினான். நான் பனியில் முன்னும் பின்னும் ஓடினேன். படகு தெரு முனையில் திரும்பிய பிறகு, அது நின்ற இடத்தில் பனியில்லாத ஒரு துண்டுப் புல் மட்டும் பழுப்பாகத் தெரிந்தது. அன்றைக்கு முழுக்க அவன் ஜன்னலடியில் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு அவனுக்குச் சரியில்லை. காய்ச்சல் வந்தது. பேச்சு பாதியில் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"வேணாம். ஜனவரி வரைக்கும் எனக்கு இங்க ட்யூட்டி."

"விளையாடாத."

"விளையாடல. முப்பது வருஷத்துக்கு மேல ஷிப்ட் பாத்தவன். மாத்து ஆள் வர்றதுக்கு முன்னாடி நான் வேலைய விட்டு எறங்கினதே இல்ல."

அவன் பக்கத்திலேயே இருந்தேன். மெஷின் மூச்சு விட்டது, அவன் மூச்சு விட்டான். இரு, இரு என்று நான் சொன்னதெல்லாம் எதற்கென்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் படுகிற கஷ்டத்தைப் பார்த்துக்கொண்டே, இன்னும் கொஞ்ச நாள் படு என்று ஒரு மனுஷனிடம் கேட்பது எப்படிப்பட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கேட்டேன். அவ்வளவுதான்.

ஜனவரி முதல் தேதி காலையில் ரேடியோவில் போல்கா இசை வைத்தேன். வெயில் பனியில் பட்டு அறை முழுக்க வெளிச்சம். அல்பின் கண்ணைத் திறந்தான்.

"விடிஞ்சுதா?"

"விடிஞ்சுது."

"அப்ப உனக்கு உன் வருஷம் வந்துடுச்சு" என்றான். பொட்டீட்சாவைக் காப்பியில் தொட்டு ஒரு துண்டு அவன் வாயில் வைத்தேன். மென்றான், பாதியைத் துப்பினான்.

மறுநாள் சேமிப்புக் கம்பெனி திறந்ததும் போன் போட்டோம். வேறொரு பெண். பிறந்த தேதியைச் சொல்லும்போது மாதத்துக்கும் வருடத்துக்கும் நடுவில் அவனுக்கு மூச்சு போதவில்லை. அந்தப் பெண் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். மீதி முழுவதையும் மாற்றச் சொன்னான். திரும்பக் கொண்டுபோக முடியாது என்று அவளும் வாசித்தாள். இந்தத் தடவை கிண்டல் எதுவும் இல்லாமல் "ஆமா" என்றான். உங்கள் பழைய கணக்கில் இனி மிச்சம் எதுவும் இல்லை, பூஜ்யம் என்று சொல்லி, நன்றி சொல்லி, அவள் வைத்தாள்.

அல்பின் தலையணையில் சாய்ந்தான்.

"முடிஞ்சுது" என்றான். "இதுக்கு மேல தேதி எதுவும் இல்லியே?"

அவன் என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. ஷிப்ட் முடிந்தது, இறங்கட்டுமா என்று கேட்கிறான். மூன்று மாதமாக நான் அவனுக்கு ஒரு தேதி வைத்திருந்தேன். அது நேற்றோடு தீர்ந்துவிட்டது. இனி நான் சரி என்று சொல்லவேண்டும். சரி என்று சொல்வதுதான் நியாயம். என் உடம்பு முழுக்க மாட்டேன் என்றது.

"யார் சொன்னா முடிஞ்சுதுன்னு?" என்றேன். என் குரல் எனக்கே பழைய குரலாகக் கேட்டது. "இன்னும் ஒரு பங்கு இருக்கு. மூணாவது பங்கு. ஐலீன் சொன்னா. அடுத்த ஜனவரியிலதான் அதை மாத்தணும்."

அவன் என்னைப் பார்த்தான். கணக்கில் என்னைவிடப் பெரியவன். பூஜ்யம் என்று அந்தப் பெண் சொன்னதை ஸ்பீக்கரில் இருவரும்தான் கேட்டோம். எனக்குப் பொய் சொல்ல வராது என்பதும் அவனுக்குத் தெரியும்.

"மூணாவதா" என்றான்.

"ஆமா."

"அதுக்கு வரி எதை வித்துக் கட்டுவ?"

"உன் பிக்கப்பை. அதை எவன் வாங்குவான்? உள்ள கால் வைக்கிற இடமெல்லாம் சேறு. பூட்ஸைக் கழட்டிட்டு வான்னு எத்தனை வருஷமாச் சொல்றேன். வண்டிக்குள்ளயும் அதே கதை, வீட்டுக்குள்ளயும் அதே கதை. சோபாவைப் பாரு, தூள். கட்டில் கீழ நேத்துக்கூட வால்நட் ஓடு, காலைக் குத்துது. எங்க அக்காவைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசிப் பாரு. முதல் வருஷம் அவ குடுத்த தட்டுல பெயிண்ட் கலக்கினவன்தானே நீ..."

கன்னத்தில் வழிந்ததை நான் துடைக்கவில்லை. மூச்சு விடாமல் திட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். உதட்டோரம் சிரிப்பு வந்தது. காலையில் ரேடியோ கேட்கும்போது இருக்கிற முகம். எனக்கு மூச்சு முட்டி ஒரு நொடி நிறுத்தினேன்.

"நிறுத்தாத" என்றான்.

நான் பூட்ஸிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.